பிறருக்குச் செய்வதில் கிடைக்கும் நிறைவைத் தேடிப் போவது முறையா?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பக்கவாதத்தால் வலப்பக்கம் முழுவதும் செயலற்றுப் படுக்கையிலேயே இருந்த என் அம்மாவைப் பல ஆண்டுகள் உடனிருந்து கவனித்துக்கொண்டேன். அதற்காகத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பார்த்துவந்த கணக்கர் வேலையையும் விட்டுவிட்டேன். சென்ற ஆடி மாதம் அம்மா காலமானார். காரியங்கள் முடிந்ததும் உறவினர் அனைவரும் ஒரே குரலில் சொன்னது, 'இனியாவது உன் உடம்பைப் பார்த்துக்கொள், ஓய்வெடு' என்பதுதான். பெங்களூரில் இருக்கும் தம்பி தன்னோடு வந்து இருக்கும்படி இப்போதும் அழைத்துக்கொண்டிருக்கிறான்.

ஓய்வெடுத்துப் பார்த்தேன். சிறிது தேயிலை நிலமும் சேமிப்பும் இருப்பதால் பிழைப்புக்குக் கவலையில்லை. ஆனால், காலையில் கண் விழித்ததும் யாருக்காக எழுந்தோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நிலை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தை இன்பமான காலம் என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கமில்லாத இரவுகளும், அம்மா மீதே கோபம் வந்த நாட்களும், கதவை மூடிக்கொண்டு அழுத நாட்களும் உண்டு. இருந்தும் அந்த ஆண்டுகளில் என் வாழ்க்கைக்கு ஒரு பொருள் இருந்தது என்பதிலும், இருமலோ புரையேறலோ இல்லாமல் அம்மா ஒரு கிண்ணம் கஞ்சி குடித்து முடித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு ஈடாக அதற்கு முன்பும் பின்பும் எதுவும் வந்ததில்லை என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

ஆகவே, எஞ்சிய காலத்தைப் பிறருக்கு உதவுவதில் செலவிடலாமா என்று யோசிக்கிறேன். பணமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நான் கருதவில்லை. நேரில் சென்று கையால் செய்யும் உதவியைத்தான் கருதுகிறேன். அதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. என் வெறுமையை நிரப்பிக்கொள்வதற்காகப் பிறருடைய துன்பத்தைப் பயன்படுத்திக்கொள்வதாக இது ஆகிவிடாதா என்பது முதலாவது. பெற்ற தாயிடம் இருந்த அன்பினால் வந்த அந்த நிறைவு, முன்பின் அறியாத ஒருவருக்குச் செய்யும்போதும் வருமா என்பது இரண்டாவது. நம் மலைப்பகுதியில் இத்தகைய பணிகளில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பந்தலூர்ச் செவிலி

வணக்கம் அம்மா. தங்கள் தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் வீடு வீடாகச் சென்று படுக்கை நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியாகப் பணிபுரிகிறேன். தங்களுடைய இரண்டாவது தயக்கத்துக்கு முதலில் விடை சொல்ல முயல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றித்தான் எனக்கு அனுபவத்தில் தெரியும்.

முதலில் அன்பு இருந்து அதன்பின் பணிவிடை வருவது தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நடப்பது. எங்கள் பணியில் பெரும்பாலும் இது மாறி நடக்கிறது. முதல் நாள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே படுத்திருப்பவரைப் பற்றி எங்கள் குறிப்பேட்டில் பெயரும் வயதும் நோயும் மட்டுமே இருக்கும். அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் மேலும் குதிகால்களிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, புண் இருந்தால் கழுவிக் கட்டி, உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து வாயைத் துடைத்து, எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது என்பதை அவரிடமே கேட்டு அறிந்துகொண்டு வெளியே வருவதற்குள், அவர் வேற்றாள் என்ற எண்ணம் பாதி போய்விடுகிறது. சில வாரங்களில் அவருக்கு எந்தப் பேரனை மிகவும் பிடிக்கும் என்பதும், எந்த மருமகளிடம் வருத்தம் என்பதும் தெரிந்துவிடும். மழையினால் ஒரு வாரம் போக முடியாமல் போனால், 'எங்கே போனாய், என்னை மறந்துவிட்டாயா?' என்று அவர் கோபித்துக்கொள்வார். ஒருவர் நம்மை எதிர்பார்த்திருக்கிறார் என்பது அந்தக் கோபத்தில் தெரியும்போது உண்டாகும் நிறைவு, தாங்கள் சொல்லும் அந்த நிறைவுக்கு மிகவும் நெருங்கியது என்றே நினைக்கிறேன்.

இந்தத் துறையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரைப் பற்றி அடிக்கடி சொல்வார்கள். அவர் முதலில் செவிலியாகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பிறகே மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவ இல்லத்தைத் தொடங்கியவர். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனத்திலும் உறவுகளிலும் பணத்தட்டுப்பாட்டிலும் 'எனக்கு ஏன் இப்படி?' என்ற கேள்வியிலும் இருக்கிறது என்பதே அவர் வற்புறுத்தியது. உடம்பு வலிக்கு மார்ஃபின் என்னும் வலிநீக்கி மாத்திரை இருக்கிறது. மற்றவற்றுக்கு மனிதர்கள்தான் வேண்டும். மருத்துவரும் செவிலியரும் அதற்குப் போதாது என்பதை உணர்ந்து, பொதுமக்களையே இதற்குள் கொண்டுவந்தவர்கள் நமக்கு அடுத்த வீட்டுக்காரர்களான கேரளத்தார். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அந்த முயற்சி, கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிப் பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும் இயக்கமாகப் பரவியது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, படுக்கை நோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளன.

எங்கள் கூடலூரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1980-களின் நடுவில் ஆதிவாசி மக்களின் நில உரிமைக்காகத் தொடங்கிய வேலை, அவர்களுடைய நோயையும் பசியையும் கண்டு மருத்துவப் பணியாக விரிந்து, 1990 முதல் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையாக நிற்கிறது. அங்கே செவிலியராகப் பயிற்சி பெற்றவர்களில் பலர் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலான சமூகங்களின் பெண்கள். நம் பகுதியில் அரிவாள் அணுச் சோகை, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய், உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அவர்களுக்குத் தாங்கமுடியாத எலும்பு வலியைக் கிளப்பிவிடும். ஆடி மழையில் ஒரு குடிசையில் பிள்ளை வலியால் சுருண்டு கிடக்கும்போது, அது என்ன வலி என்பதை உடனே புரிந்துகொண்டு, வெந்நீர் குடிக்கவைத்து, கம்பளியால் போர்த்தி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறவள் அதே ஊரில் பிறந்த பெண்ணாக இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். உதவி பெறும் பக்கத்தில் மட்டுமே வைத்துப் பார்க்கப்பட்ட மக்கள் உதவி செய்யும் பக்கத்துக்கு வந்து நிற்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் தெளிவை, தாங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

தங்கள் முதல் தயக்கத்துக்கு என்னிடம் நீண்ட விடை இல்லை. நாம் எதற்காக வந்தோம் என்று நோயாளி ஆராய்வதில்லை. வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்தோமா என்பதையே அவர் பார்க்கிறார். ஆனால் தங்களைப் போல அண்மையில் ஒருவரை இழந்தவர்களிடம் ஒன்றை மட்டும் எச்சரிப்பேன். போகும் வீடுகளில் எல்லாம் தங்கள் அம்மாவையே காண நேரிடும். அம்மாவுக்குச் சூடான கஞ்சி பிடித்திருக்கும். இங்கே படுத்திருக்கும் பெரியவருக்கு ஆறிய ராகிக் களியே வேண்டியிருக்கும். அம்மாவுக்குச் சன்னல் ஓரம் பிடித்திருக்கும். இவர் அடுப்பு ஓரத்தை விட்டு நகர மாட்டார். அந்த இடத்தில் அம்மாவுக்குச் செய்ததையே இவருக்கும் செய்யத் தொடங்கினால், நாம் பார்த்துக்கொள்வது இவரை அல்ல என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

மறுமொழி: அருவங்காடு ஓய்வூதியர்

சகோதரிக்கு வணக்கம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேயிலைத் தோட்டங்களில் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் முதியோருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், அவர்களோடு அலுவலகங்களுக்குப் போய் வருவதும் இப்போது என் வேலை. செவிலி அம்மா எழுதிய அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் மகிழ்ச்சியை அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பணிக்கு வர வேண்டாம் என்பதே நான் தங்களுக்குச் சொல்ல விரும்புவது.

காரணத்தைச் சொல்கிறேன். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் பல்லாயிரம் பேருக்கு நீலகிரியே வாழ்விடமாயிற்று. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே பின்னர் டேன்டீ என்ற அரசு நிறுவனமாயின. சிறுவயதில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவர்கள் இன்று முதியவர்கள். கண்டியிலோ நுவரெலியாவிலோ பிறந்த ஒரு மூதாட்டியிடம் பிறப்புச் சான்று இருக்காது. குடும்ப அட்டையில் ஒரு பெயரும், ஆதாரில் ஓர் எழுத்து மாறிய பெயரும், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரோடு சேர்ந்த மற்றொரு பெயரும் இருக்கும். மூன்றிலும் வயது வேறு வேறாக இருக்கும். இந்த வேறுபாட்டினால் முதியோர் உதவித்தொகை நின்றுபோகிறது. மாதம் 1,200 ரூபாய் என்பது நமக்குச் சிறிய தொகையாகத் தோன்றலாம். துணையற்ற அந்த மூதாட்டிக்கு அரிசிக்கு மேற்பட்ட பருப்பு, எண்ணெய், சோப்பு, மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறித்த விரல்களில் ரேகை தேய்ந்திருப்பதால், நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி பல சமயம் அவர்களை ஏற்பதில்லை. அப்போது கருவிழிப் பதிவுக்கு வழி உண்டா என்று விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

இந்த வேலையில் புண் கழுவிக் கட்டும்போது கிடைக்கும் உடனடி ஆறுதல்கூடக் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, இ-சேவை மையத்தில் பதிந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருந்து, 'அடுத்த வாரம் வாருங்கள்' என்பதைக் கேட்டுக்கொண்டு மஞ்சூர்ப் பேருந்துக்கோ கொலக்கம்பைப் பேருந்துக்கோ ஓடுவதே மாதக்கணக்கில் நடக்கும். மகிழ்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். நல்ல மனம் படைத்த பலர் அப்படி நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. தொடர்ந்து வருகிறவர்கள், இந்த மூதாட்டியின் காகிதம் என் கையில் இருக்கிறது, இதை முடிக்காமல் கீழே வைக்கக் கூடாது என்ற எண்ணத்தால் வருகிறார்கள். உதவித்தொகை மீண்டும் வந்து சேர்ந்த அன்று மனத்தில் ஒன்று நிறைகிறது, உண்மைதான். அதை நான் தேடிப் போகவில்லை.

வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பதை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அத்தனை ஆண்டுகளிலும் விறகு வெட்டியவருக்கும் அரிசி களைந்தவருக்கும் எல்லா நாளும் மனம் நிறைந்திருந்திருக்குமா? சோர்ந்த நாளிலும் விறகு வந்து சேர்ந்ததால்தான் அடுப்பு எரிகிறது. பிறர் பசியைக் கண்டு உருகும் நெஞ்சு வேண்டும் என்று சொன்ன பெரியவரே, நெஞ்சு உருகாத நாளிலும் சோறு கிடைக்கும்படி ஒரு சாலையை அமைத்துவிட்டுப் போனார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மற்றொன்று. லயன் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் தருவார்கள். அவர்கள் நிலைமையை நினைத்து மறுக்கத் தோன்றும். தயவுசெய்து மறுக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். எப்போதும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே ஒருவரை நிறுத்திவைப்பது அவருக்கு நாம் செய்யும் சிறுமை. அவர் கொடுத்து நாம் வாங்கிக்கொள்ளும் ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டும்.

மறுமொழி: ஹட்டி மகள்

அம்மாவுக்கு வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றில், அதாவது படுகர் சிற்றூர் ஒன்றில், பிறந்தவள். இங்கே எழுதியவர்களில் வயதில் சிறியவள் நானாகவே இருப்பேன். ஐயா எழுதியதைப் படித்து வணங்குகிறேன். ஆனால் மகிழ்ச்சியை அவர் வாசலிலேயே நிறுத்திவைப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

கடமைக்காக மட்டும் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால் அது நமக்குத் தெரியாமல் இருப்பதில்லை. படுத்திருப்பவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறைவறச் செய்துவிட்டுப் போகிறவர், தான் ஒரு பாரம் என்ற எண்ணத்தையும் நோயாளியிடம் விட்டுவிட்டுப் போகிறார். சிரித்துப் பேசி, ஊர்க்கதை கேட்டு, போகும்போது 'அடுத்த வாரம் மீதிக் கதையைச் சொல்லுங்கள்' என்று விடைபெறுகிறவர் மருந்தை ஐந்து நிமிடம் தாமதமாகக் கொடுத்தாலும் அவருக்காகவே காத்திருக்கிறார்கள். செய்கிறவரின் மகிழ்ச்சி, செய்யப்படுகிறவருக்குக் கிடைக்கும் உதவியில் ஒரு பகுதி. அதை மறைப்பதோ அதற்காகக் கூச்சப்படுவதோ எதற்கு?

எங்கள் ஹட்டிகளில் ஒரு வீட்டில் சாவு என்றால் அக்கம்பக்கத்து ஹட்டிகளுக்கெல்லாம் செய்தி போய், அவரவர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். அடுப்பு மூட்டுவதையோ தண்ணீர் கொண்டுவருவதையோ யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதை யாரும் சேவை என்று நினைப்பதும் இல்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு. அதோடு ஒரு குறையும் தெரிகிறது: இவை எல்லாம் நம்மவர் என்ற வட்டத்துக்குள் முடிந்துவிடுகின்றன. 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து நம் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அந்த வட்டம் சில நாட்களுக்கு இல்லாமல் போயிற்று என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். யார், என்ன என்று கேட்காமல் எல்லோரும் எல்லோருக்கும் சமைத்தார்கள். சாலைகள் சரியான பிறகு, உதவியோடு வந்தவர்களும் படிப்படியாகக் குறைந்துவிட்டார்கள்.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து உதகை அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்குத் துணையாகப் போகிறோம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் வந்து இறங்குகிறவருக்கு இரத்தப் பரிசோதனை எங்கே, ஸ்கேன் எடுக்கும் அறை எங்கே, மருந்துச் சீட்டை எங்கே கொடுப்பது என்பது எதுவும் தெரியாது. மருத்துவர் வேகமாகச் சொல்லும் தமிழ், வீட்டில் வேறு மொழி பேசும் ஒரு பாட்டிக்குப் பாதிதான் விளங்கும். அதை மெதுவாகத் திரும்பச் சொல்வதும், மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பதும், அவர் மகன் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும்தான் நாங்கள் செய்வது. மாலையில் பேருந்தில் ஒன்றாகத் திரும்பும்போது நாங்கள் பேசிச் சிரிப்பதைப் பார்த்து ஏதோ கல்யாணத்துக்குப் போய் வருகிறோம் என்று நினைப்பார்கள். தாங்கள் அம்மாவைத் தனியாகவே பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதியதிலிருந்து புரிந்துகொண்டேன். இந்த முறை தனியாகப் போகாதீர்கள். கோபத்தையும் சோர்வையும் கதவை மூடிக்கொண்டு தாங்க வேண்டிய தேவை, உடன் வருகிறவர்கள் இருந்தால் பெருமளவு குறைந்துவிடும்.

மறுமொழி: கோத்தகிரி வாசகி

மூவருக்கும் என் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தனியாகப் போக வேண்டாம் என்ற வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் மேலே படிக்க முடியவில்லை. ஐயா எழுதியதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நிறைவு வந்தால் பெற்றுக்கொள்ளலாம், வராத நாளிலும் போக வேண்டும் என்பதே இருவர் சொன்னதையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டது. அம்மாவிடம் நான் இருந்ததும் அப்படித்தான் என்பது இப்போதுதான் தெளிவாகிறது.

தம்பியிடம் இதைப் பற்றிப் பேசினேன். மறுபடியும் ஒரு படுக்கையின் அருகே போய் உட்காருவதற்கு உனக்கு என்ன கட்டாயம் என்று அவன் வருந்துகிறான். அவன் அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. மருந்து வாடையும் அந்த அறையின் இருட்டும் என்னை மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. இப்படிப்பட்டவள் எங்கிருந்து தொடங்கலாம், முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது என்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைச் செவிலி அம்மாவோ மற்றவர்களோ தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அருவங்காடு ஓய்வூதியர்

சகோதரி, தாங்கள் கணக்கராக இருந்தவர் என்பதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் காகிதங்களை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, எதில் எந்தப் பெயர், எந்த வயது என்று ஒரே தாளில் எழுதித் தருவதற்கு இங்கே ஆள் இல்லை. அதற்கு நோயாளி அறைக்குள் போக வேண்டியதே இல்லை. தங்கள் மனம் ஆறும்வரை இதைச் செய்யலாம். நாங்கள் மனு எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில். தோட்டத்தில் வேலை இல்லாத நாளில்தான் வீட்டு இளையவர்களும் இருப்பார்கள். தம்பியிடம் சொல்லுங்கள், பெங்களூருக்கும் அவ்வப்போது போய் வாருங்கள். அங்கே தங்களை எதிர்பார்ப்பவர்களும் மனிதர்கள்தானே.

மறுமொழி: பந்தலூர்ச் செவிலி

அம்மா, தம்பியின் வருத்தத்தை ஒதுக்கிவிட வேண்டாம். இழப்புக்குப் பிறகு உடனடியாக நோயாளிகளிடம் செல்வதை நாங்களும் ஊக்குவிப்பதில்லை; தாங்கள் போக நினைக்கும் குழுவிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நல்ல குழுவாக இருந்தால் அவர்களே சில மாதங்கள் வேறு வேலை கொடுப்பார்கள். ஐயா சொன்னது அதற்கு மிகப் பொருத்தமானது.

ஆனால் நோயாளியின் அறைக்குள் போகாமலே தாங்கள் செய்யக்கூடியதும், நாங்கள் யாரும் தங்கள் அளவுக்குச் செய்ய முடியாததுமான ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு படுக்கை நோயாளியின் வீட்டிலும் அவரைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண் இருப்பாள். மகளாகவோ மருமகளாகவோ மனைவியாகவோ இருப்பாள். நாங்கள் வந்தால் நோயாளியைப் பார்ப்போம், புண்ணைப் பார்ப்போம், மாத்திரையை எண்ணுவோம். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு வருகிறோம். இரவிலும் அப்படிச் செய்தால் அவள் எப்போது தூங்குவாள் என்று நாங்கள் கேட்பதில்லை. நோயாளி மீது அவளுக்குக் கோபம் வருகிறது என்பதை அவள் எங்களிடம் சொல்ல மாட்டாள், ஏனெனில் சொன்னால் தவறாக நினைப்போம் என்று அஞ்சுகிறாள். தங்களிடம் சொல்வாள். தங்கள் கேள்வியில் அந்தக் கோபத்தைப் பற்றித் தாங்கள் எழுதிய ஒரு வரியைப் படித்தால் அவள் எவ்வளவு ஆறுதல் அடைவாள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

எனவே தங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குச் செல்லும் பெண் பணியாளரைச் சந்தித்து, எந்த வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஒருவர் மட்டுமே தனியாக இருக்கிறார் என்று கேளுங்கள். அந்த வீட்டாரின் சம்மதத்தை அவர் கேட்டுச் சொன்ன பிறகு, அவரோடு சேர்ந்தே முதல் முறை போங்கள். முன்னறையில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசினால் போதும். பழகிய பிறகு, வாரத்தில் ஒரு நாள் பிற்பகல் தாங்கள் வீட்டில் இருப்பதாகவும் அவள் தூங்கவோ, கடைக்குப் போகவோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரவோ செய்யலாம் என்றும் சொல்லுங்கள். எந்த நாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும். அந்த நாளை மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் முந்திய நாளே தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் அந்த ஒரு பிற்பகலை நம்பி அவள் பல வேலைகளை ஒதுக்கிவைத்திருப்பாள்.

எடுத்துச் செல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழமும் பிஸ்கட்டும் வேண்டாம். படுத்திருப்பவருக்கு நீரிழிவு இருக்கலாம். தங்கள் தாயாரைப் போல விழுங்குவதில் சிரமம் உள்ளவராகவும் இருக்கலாம். அத்தகையவருக்குப் பிஸ்கட் துகள் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் ஆபத்து என்பது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணுக்கென்று ஏதாவது கொண்டுபோக விரும்பினால், மதியத்துக்கு ஒரு குழம்போ பொரியலோ செய்து தூக்கில் எடுத்துச் செல்லுங்கள். அன்று ஒரு வேளை அவள் சமைக்க வேண்டியிருக்காது. ஒரு சிறிய குறிப்பேடும் பேனாவும் இருக்கட்டும். எந்த மாத்திரை எப்போது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதை முதல் நாளே அவளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்ப் பக்கம் வர எண்ணினால் ஆவணி முடியட்டும். இங்கே மழை விடாமல் பெய்கிறது, நடுவட்டம் பாதையில் பேருந்துகளும் நேரத்துக்கு வருவதில்லை.